பொங்கல் விடுமுறையும் செங்கடலும்

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்களின் ஷிப்பிங் பிரிவில் வேலை பார்க்கிறவர்களுக்கு, ஊரே அடங்கிவிடும் பொங்கல் விடுமுறையிலும் வேலை முழுதாக ஓய்வதில்லை. கப்பல் எங்கே வருகிறது என்று கேட்கும் ஐரோப்பிய பையருக்கு (நம் துணியை வாங்கும் நிறுவனத்தாருக்கு) நம் பண்டிகை தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதும் இல்லை. ஆனால் 2024ஆம் ஆண்டுப் பொங்கல், பண்டிகையையும் உலக அரசியலையும் ஒன்றாகவே என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது.

அந்த ஜனவரி 12ஆம் தேதி அதிகாலையில்தான் செங்கடலில் கப்பல்களைத் தாக்கிவந்த ஏமன் கிளர்ச்சிப் படையினரான ஹூதிகளின் இலக்குகள்மீது அமெரிக்காவும் பிரிட்டனும் குண்டுவீசத் தொடங்கின. போகியன்று மாமனார் வீட்டில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் கன்டெய்னர்கள் ஏறிய கப்பல் சூயஸ் வழியைக் கைவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகிறது என்று, சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்துதரும் ஃபார்வர்டரிடமிருந்து தகவல் வந்தது. "ஏனுங்க மாப்பிள்ள, எங்கயோ நடக்கற சண்டைக்கு நம்மூரு பனியன் எதுக்குங்க சுத்திக்கிட்டுப் போகோணும்?" என்று மாமா கேட்டார். வெகு நியாயமான கேள்வி அது.

அதற்கு முன்பெல்லாம் எங்கள் சரக்கு பெரும்பாலும் தூத்துக்குடியிலிருந்து சிறிய ஃபீடர் கப்பலில் கொழும்பு சென்று, அங்கே பெரிய கப்பலுக்கு மாறி, செங்கடல், சூயஸ் கால்வாய் வழியாக ஐரோப்பாவை அடைந்துவந்தது. காசாமீது இஸ்ரேல் நடத்திய போருக்கு எதிர்ப்பு என்று சொல்லி, 2023 நவம்பர் 19 அன்று ஹூதிகள் செங்கடலில் கேலக்ஸி லீடர் என்ற சரக்குக் கப்பலை மாலுமிகளோடு கைப்பற்றிய பின்னர் தாக்குதல்கள் தொடரவே, டிசம்பர் நடுவில் மெர்ஸ்க், எம்.எஸ்.சி. போன்ற பெரிய கப்பல் நிறுவனங்கள் அந்த வழியைத் தவிர்க்கத் தொடங்கின. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போனால் பத்து முதல் பதினான்கு நாள்வரை கூடுதலாகும். துறைமுகத்தில் கப்பலேற்றுவதோடு நம் பொறுப்பு முடியும் எஃப்.ஓ.பி. முறையில் கப்பல் வாடகை பையருடையதுதானே, நமக்கென்ன நஷ்டம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். ஆனால், சரக்கு கைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிட்டுப் பணம் தருகிற பையரிடமிருந்து பணமும் அத்தனை நாள் தள்ளித்தான் வரும். அதுவரை வங்கிக் கடனுக்கு வட்டி ஓடும். சீசன் தவறிய துணிக்கு டிஸ்கவுன்ட் கேட்பார்கள், அல்லது அடுத்த ஷிப்மென்ட்டை எங்கள் செலவில் விமானத்தில் அனுப்பச் சொல்வார்கள். அடுத்த ஆர்டர் தள்ளிப்போனால், பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டைலரின் சனிக்கிழமைச் சம்பளம் குறையும். உலக அரசியலைப் பற்றி நான் கருத்துச் சொல்வது இந்தச் சனிக்கிழமைச் சம்பளத்தை மனத்தில் வைத்துத்தான்.

கப்பல்கள்மீதான தாக்குதலைக் கண்டித்து, 2024 ஜனவரி 10 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. பதினொரு நாடுகள் ஆதரிக்க, நான்கு நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. அதே அவையில் ஒரு மாதம் முன்பு, 2023 டிசம்பர் 8 அன்று, காசாவில் மனிதாபிமானப் போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்தைப் பதின்மூன்று நாடுகள் ஆதரித்தும், அமெரிக்காவின் வீட்டோ அதைத் தோற்கடித்தது. கப்பல் போக்குவரத்தால் பிழைக்கிறவன் என்ற முறையிலும் எனக்கு இது பொறுக்கவில்லை. சரக்கு போகும் வழியைக் காக்க இத்தனை விரைவாகக் கூடிய கைகள், குழந்தைகள் சாவதைத் தடுக்கக் கூடவிடாமல் ஒரே கை தடுத்தது.

அதற்காக ஹூதிகளின் செயலை நான் ஏற்கவும் மாட்டேன். கேலக்ஸி லீடரில் இருந்த 25 மாலுமிகளில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ்காரர்கள். காசாவில் நடந்த எதற்கும் அவர்கள் பொறுப்பில்லை. 2024 மார்ச்சில் ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பல் தாக்கப்பட்டு மூன்று மாலுமிகள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் ஹூதிகளின் தாக்குதலில் தீப்பிடித்த மார்லின் லுவாண்டா கப்பலில் 22 இந்தியர்கள் இருந்தார்கள்; நம் கடற்படையின் ஐ.என்.எஸ். விசாகப்பட்டினம் போய்த் தீயணைக்க உதவியது. தூத்துக்குடியிலும் கன்னியாகுமரியிலும் பிள்ளையைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகள் எத்தனையோ உண்டு.

கேலக்ஸி லீடர் மாலுமிகள் 2025 ஜனவரி 22 அன்றுதான் விடுவிக்கப்பட்டார்கள். காசாவில் போர்நிறுத்தம் தொடங்கி மூன்றே நாள் ஆகியிருந்தது. ஓராண்டாகக் குண்டுவீசியும் ஆகாத காரியம் அது. மாமா கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை: காசாவில் சண்டை நின்றால்தான் செங்கடலில் வழி திறக்கும். மார்ச்சில் காசாவில் போர் மீண்டும் மூண்டது. ஜூலையில் மேஜிக் சீஸ், எட்டர்னிட்டி சி என்ற இரு கப்பல்களை ஹூதிகள் மூழ்கடித்தார்கள், மாலுமிகளும் மாண்டார்கள். அந்த ஆண்டும் நாங்கள் ஆர்டர் பேசும்போதே நன்னம்பிக்கை முனை வழிக்கான நாள்களையும் கூட்டித்தான் டெலிவரி தேதிக்கு ஒப்புக்கொண்டோம்.