தபாலில் வந்த பட்டம்

அக்டோபர் 8, புதன்

மகளுக்கு வகுப்பு தொடங்கிவிட்டது. அவளுக்குச் சமைத்துப் போடத்தான் நான் கேம்பிரிட்ஜ் வந்தேன் என்று பெயர். அவளோ மதியம் கேண்டீனிலேயே சாப்பிட்டுக்கொள்கிறாள். பகல் முழுக்க எனக்கு வேலையில்லை.

இன்று நியூன்ஹாம் என்ற பெண்கள் கல்லூரி வரை நடந்தேன். செங்கல் கட்டடம், வெள்ளை ஜன்னல்கள். 1871இல் ஒரு வாடகை வீட்டில் ஐந்து பெண்களோடு ஆரம்பித்ததாம். முதல் முதல்வர் ஆன் கிளஃப் நினைவாக ஒரு வெண்கலக் கதவு இருக்கிறது. அதற்கு ஒரு கதை உண்டு என்று மகள் சொன்னாள். படித்துவிட்டு எழுதுகிறேன். குளிரில் காது விண்விண் என்கிறது.

அக்டோபர் 11, சனி

மழை. வெளியே போகவில்லை, நாள் முழுக்கப் படிப்புதான்.

நூறு வருஷத்துக்கு முன் இங்கே படித்த பெண்களின் விடுதி வாழ்க்கை நம் ஊர் விடுதியிலிருந்து ரொம்பத் தள்ளி இல்லை. ஆண்கள் இருக்கும் இடத்துக்குப் போவதென்றால் கூடவே துணைக்கு ஒரு பெரியவர். ராத்திரி பத்து மணிக்கு ஒருத்தி அறையில் கூடி கோகோ குடிப்பார்கள். முதலில் எல்லோரும் ‘மிஸ்’ போட்டுத்தான் பேச வேண்டும். சீனியராகப் பார்த்து, “இனி பேர் சொல்லியே கூப்பிட்டுக்கொள்ளலாமா?” என்று முறையாகக் கேட்டால்தான் அது மாறும். பெண் கேட்டு வருகிற மாதிரி! எங்கள் விடுதியில் இந்தத் தொல்லை கிடையாது, எல்லோரும் அக்காதான்.

ஆண் மாணவர்கள் இருட்டிய பிறகு கறுப்பு அங்கி போடாமல் தெருவில் திரிந்து மாட்டினால் 6 ஷில்லிங் 8 பென்ஸ் அபராதம். பெண்களுக்கு அந்த அபராதம் இல்லை. அவர்கள் அங்கியே போடக் கூடாதே!

1881 முதல் பெண்களும் ஆண்கள் எழுதிய அதே பரீட்சை எழுதினார்கள். தேறினார்கள். பட்டம் மட்டும் கிடையாது. பெண்களுக்கும் பட்டம் தரலாமா என்று 1897இல் ஓட்டெடுப்பு வந்தபோது, படித்து முடித்து வெளியூர் போய்விட்ட, ஓட்டுரிமை உள்ள எம்.ஏ.க்கள் எல்லாம் ரயிலேறி வந்து எதிர்த்துப் போட்டார்கள். சைக்கிள் ஓட்டும் பெண் பொம்மை ஒன்றைத் தெருவுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார்களாம்.

அக்டோபர் 13, திங்கள்

கப்பலேறிய பெண்கள் கதை. டப்ளின் டிரினிட்டி கல்லூரி 1904இல் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்தது. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜில் படித்தவர்களுக்கு அங்கே நேரடியாகப் பட்டம் தரும் பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது. விடுவார்களா? 1907 வரை சுமார் 720 பெண்கள் நீராவிக் கப்பலில் அயர்லாந்து போய், கட்டணம் கட்டி, அங்கி போட்டு, பட்டத்தை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். அந்தக் கட்டணப் பணத்தில் டப்ளினில் பெண்களுக்கு ஒரு விடுதியே வந்தது.

நான் என் பட்டமளிப்பு விழாவுக்குப் போகவில்லை. அந்த மாதம் கல்யாணம். ஆறு மணி நேர பஸ் பயணம் எதற்கு, தபாலில் வரட்டும் என்று அப்பா சொன்னார். நானும் சரி என்றுவிட்டேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

ரசப்பொடி தீர்ந்துவிட்டது. பாத்திரம் கழுவும்போது திடீரென்று தோன்றியது: முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் வாங்கிவிட்டார். அந்த வருஷம் நியூன்ஹாமில் படித்து முடித்தவளுக்கு இங்கே ஒன்றும் இல்லை.

அக்டோபர் 20, திங்கள்

1921இல் இதே தேதி. மறுபடியும் ஓட்டெடுப்பு, மறுபடியும் பெண்கள் தோற்றார்கள். ஆக்ஸ்ஃபோர்ட் அதற்கு முந்தைய வருஷமே கொடுத்துவிட்டது. முடிவு தெரிந்ததும் ஆண் மாணவர் கும்பல் ஒன்று நியூன்ஹாமுக்கு ஓடி, கைவண்டியால் இடித்து அந்த வெண்கலக் கதவின் கீழ்ப்பகுதியை உடைத்துப் போட்டது. தோற்றவன் உடைத்தால் புரிகிறது. ஜெயித்தவனுக்கு என்ன கோபம்?

ஆறுதலுக்குப் பெயரளவில் ஒரு பட்டம் கொடுத்தார்கள். மேடை இல்லை, அங்கி இல்லை, சான்றிதழ் தபாலில் வரும். முழுப் பட்டம் 1948இல்தான். 1921இல் பதினெட்டு வயதில் சேர்ந்தவளுக்கு அப்போது 45.

சாயங்காலம் மகளோடு மறுபடியும் அந்தக் கதவுக்குப் போனேன். 1948க்கு முன் படித்தவர்களை 1998இல் கூப்பிட்டு ஒரு விழா நடத்தினார்களாம். சுமார் 900 பாட்டிகள் வந்தார்கள் என்று சொன்னேன்.

“உன் சர்டிபிகேட் எங்கேம்மா இருக்கு?”

“பீரோவில்தான். வந்த கவரோடேயே இருக்கு.”