181.50ல நிறுத்தின ஹோல்

தாது தேடி பூமியில டிரில் பண்ணுன ஒரு ஹோலப் பத்தி சீனியர் போன்ல "ஏதாவது இருக்கா?"னு கேட்டாரு. "பெருசா ஒண்ணும் இல்ல சார், பைரைட் கொஞ்சம் தூவுன மாதிரி இருக்கு"ன்னேன். "அப்ப க்ளோஸ் பண்ணிடுப்பா." அவ்ளோதான் பேச்சு, ஒரு நிமிஷம் கூட ஆகல. எட்டு வருஷம் ஆச்சு, தூக்கம் வராத ராத்திரியில இந்த மூணு வரி மட்டும் திரும்பத் திரும்ப ஓடும். நான் பொய் சொல்லல. ஆனா கேட்டதுக்கு முழுசா பதிலும் சொல்லல.

மாமண்டூர்னதும் பஸ் நிறுத்துற மோட்டலும் பல்லவர் குகையும் ஞாபகம் வரும், இது ரெண்டும் இல்ல, பழைய தென்னாற்காடு மாவட்டத்து மாமண்டூர். ஜிங்க், ஈயம், காப்பர் மூணும் கந்தகத்தோட சேர்ந்த சல்ஃபைடு தாது இருக்கிற எடம், ஜிஎஸ்ஐ, அதாவது இந்திய புவியியல் ஆய்வுத் துறை, அப்பவே பாத்து வச்சது, ஆனா மைன்னு ஒண்ணு வரவேயில்ல. பாறை கிரானுலைட், சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமிக்குள்ள ஆழத்துல வெந்து எடுத்தது. அந்த வேக்காட்டுல தாது மட்டும் சும்மா இருக்குமா, உருகி, நகந்து, மடிஞ்சு கெடக்கும், மேல இருக்கிற துருப்பிடிச்ச பாறைய பாத்து கீழ எங்க இருக்குன்னு கோடு போட்டா கோடு ஒரு பக்கம் போகும், தாது ஒரு பக்கம் போயிருக்கும்.

எங்களுக்கு அந்த ஹோலுக்கு சாங்ஷன் 180 மீட்டர். ஒரு ரன்னுன்னா ஒரு தடவ கொடஞ்சு எடுக்கிறது, கடைசி ரன் 178.50ல ஆரம்பிச்சு 181.50ல முடிஞ்சுது, மூணு மீட்டர் கோரும், அதாவது கொடஞ்செடுத்த உருளைப் பாறையும், ஒடையாம வந்துச்சு. பாக்ஸ்ல அடுக்கி, தண்ணி ஊத்தி தொடச்சேன். கார்னெட் பொடிப்பொடியா செவப்பா, நடுவுல வெள்ளையா குவார்ட்ஸ் பட்டை, அந்தப் பட்டைக்குள்ள கரும்பச்சையில சின்னச்சின்ன துகள், ஒடஞ்ச சோடா பாட்டில் சில்லு மாதிரி. ஹேண்ட் லென்ஸ் வச்சு பாத்தேன். கத்தியால கீறுனா கத்திதான் தேயுது. அது கானைட், அதாவது ஜிங்க் இருக்கிற ஸ்பினல்ங்கிற கெட்டிக் கனிமம்னுதான் மொதல்ல தோணுச்சு, ரெண்டாவதா தோணுனது நாளைக்கு போகி, சாயங்காலம் ஏழு மணி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டிருக்கேங்கிறது. இத எழுதவே கூச்சமா இருக்கு, ஆனா அதான் உண்மை.

ரிக் ஆபரேட்டர் அண்ணன் திருச்செங்கோட்டுப் பக்கம், போர்வெல் வண்டியிலேர்ந்து கோர் டிரில்லிங்குக்கு வந்தவரு. "சார், பாறைய கொடையுற பிட்டு சத்தம் மாறிருக்கு, இன்னும் ரெண்டு ரன் போட்டு பாத்துருவமா, ஆறு மீட்டருதான"ன்னாரு. நான் சிரிச்சேன். அவங்களுக்கு மீட்டர் கணக்குலதான் காசு, இழுக்கத்தான் பாப்பாங்கன்னு எங்க சீனியர்ங்க எல்லாரும் சொல்லிக் குடுத்திருக்காங்க. "சாங்ஷன் இல்லண்ணா, கேட்டு சொல்றேன்"ன்னு சொல்லிட்டு தள்ளிப் போயி வேப்பமரத்தடியில நின்னு போன் போட்டேன். மேல எழுதுன பேச்சு அதான். ஆறு மீட்டர் கேக்கறதுக்காக போட்ட போன்ல ஆறு மீட்டரைப் பத்தி கேக்கவே இல்ல.

நியாயம் சொல்லணும்னா நெறைய இருக்கு. கானைட் இருந்தா தாது பக்கத்துல இருக்குன்னு சட்டம் ஒண்ணும் இல்ல. ஆஸ்திரேலியாவுல ப்ரோக்கன் ஹில் ஏரியா முழுக்க கானைட் கெடக்கும், அதுல பல எடத்துல கீழ ஒண்ணும் கெடையாது. அப்படியே இருந்தாலும் கானைட்டுக்குள்ள பூட்டிக்கிட்ட ஜிங்க் யாருக்கும் ஒதவாது, ஜிங்க் எடுக்கிற வழக்கமான தாது ஸ்ஃபேலரைட்னா, தாதுவ நுரையில மெதக்க வச்சுப் பிரிக்கிற ஃப்ளோட்டேஷன்ல மெதந்து வரும், இது கல்லோட கல்லா டெய்லிங்ஸுக்கு, அதாவது கழிவுக்குப் போயிடும். போதாததுக்கு ஜியோஃபிசிக்ஸ்காரங்க குடுத்த மேப்ல அந்த ஆழத்துல கண்டக்டர், அதாவது மின்சாரத்த கடத்துற தாது, எதுவும் இல்ல. சீனியர் அன்னிக்கு "க்ளோஸ் பண்ணு"ன்னதுக்கு காரணமே அந்த மேப்தான்.

ஆனா ஸ்ஃபேலரைட் மின்சாரத்த சரியா கடத்தாதுங்கிறது காலேஜ் மொத வருஷப் பையனுக்குக் கூட தெரியும். மின்சாரத்த நல்லா கடத்துற பைரோடைட், சால்கோபைரைட் மாதிரி சல்ஃபைடும் கூட இருந்தாதான் மேப்ல தெரியும், ஜிங்க் மட்டும் இருந்தா சத்தமே இல்லாம உக்காந்திருக்கும். அத நான் போன்ல சொல்லிருக்கலாம். சொன்னா "அப்ப இன்னும் பத்து மீட்டர் போடு"ன்னு சொல்லிருப்பாரு, நல்ல மனுஷன். அதுக்குத்தான் பயந்தேனோ என்னமோ.

சாம்பிள் ரிசல்ட் ரெண்டு மாசம் கழிச்சு வந்துச்சு. கடைசி மூணு மீட்டர்ல ஜிங்க் அர சதவீதத்துக்கும் கீழ. அப்பாடான்னு இருந்துச்சு, ஒரு வாரம். அப்புறம்தான் உறைச்சுது, லேப்ல பண்ணுனது ஆசிட் டைஜஷன், கானைட் ஆசிட்ல ஒழுங்கா கரையாது, ஃப்யூஷன், அதாவது உருக்கிக் கரைச்சு பாத்தாதான் முழு ஜிங்கும் தெரியும். ஆக அந்த நம்பர் கம்மியா இருக்கிறதால கீழ ஒண்ணும் இல்லன்னும் சொல்ல முடியாது, இருக்குன்னும் சொல்ல முடியாது. ஃப்யூஷன் கேட்டு எழுதலாமான்னு நெனச்சேன், எழுதல. எழுதுனா ஏன் அன்னிக்கே சொல்லலன்னு கேள்வி வரும்.

கோர்ல பாத்தத எழுதி வைக்கிற லாக் ஷீட்ல மட்டும் மறைக்கல. "பச்சை ஸ்பினல், கானைட்?, 2-3 சதவீதம்"னு என் கையெழுத்துல இருக்கு. அந்தக் கேள்விக்குறிய நான் வேணும்னே போட்டேனா இல்ல உண்மையிலயே சந்தேகம் இருந்துச்சா, இப்ப எனக்கே தெரியல. லேப்ல ப்ரோப் அனாலிசிஸ்னு கனிமத்தோட கலவைய பாக்கற சோதனை பண்ணாம கானைட்னு அடிச்சு எழுதக் கூடாதுங்கிறது சரியான பழக்கம்தான். ஆனா அந்தப் பழக்கத்துக்குப் பின்னாடி நல்லா ஒளிஞ்சுக்கவும் முடியுது.

நடுவுல ஒருக்கா அந்தப் பக்கம் போனேன். ஹோல் நம்பர் எழுதுன சிமெண்ட் பில்லர்ல யாரோ ஆடு கட்டியிருந்தாங்க, நம்பர்ல பாதி போயிடுச்சு. 2023ல சட்டத்த மாத்தி காப்பர், ஜிங்க் உட்பட 29 கனிமத்துக்கு எக்ஸ்ப்ளோரேஷன் லைசென்ஸ் கொண்டு வந்துட்டாங்க, முன்னாடி தாது தேடுன எடங்களோட பழைய டேட்டாவ எல்லாம் தூசி தட்டி பாக்கறாங்க. என்னிக்காவது ஒரு பையனோ பொண்ணோ என் லாக் ஷீட்ட படிச்சுட்டு இந்த ஆளு ஏன் இங்க நிறுத்துனான்னு கேக்கும். ஏன்னா, 180 மீட்டர்தான் சாங்ஷன். பேப்பர்ல அந்தப் பதில் சுத்தமா இருக்கு.

என் டீம் பசங்ககிட்ட இப்ப நான் சொல்றது, சந்தேகம் வந்தா ஒரு ரன் கூட போடுங்கன்னு. சொல்லிட்டு போன வருஷம் மட்டும் ரெண்டு ஹோல்ல நானே "போதும்பா, பட்ஜெட் இல்ல"ன்னு நிறுத்த வச்சிருக்கேன். ரெண்டும் சரியான முடிவுதான்னு நெனைக்கிறேன்.

பொங்கலுக்கு அந்த ஆபரேட்டர் அண்ணன் போன் பண்ணாரு. ரிக் வேலைய விட்டுட்டு சொந்தமா போர்வெல் வண்டி வாங்கிட்டாராம், மக ஜியாலஜி படிக்கணும்ங்குதாம், படிக்க வைக்கலாமா சார்னு கேட்டாரு. அர மணி நேரம் பேசுனோம். அந்த ஹோலப் பத்தி பேச்சு வரல, அவருக்கு அது நூத்துல ஒண்ணா இருந்திருக்கும். பிட்டு சத்தம் நெசமாவே மாறுச்சா இல்ல மீட்டருக்காக சொன்னீங்களான்னு கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, "வெயில்ல நிக்கணும், பரவால்லையான்னு கேளுங்கண்ணா"ன்னுட்டு வச்சுட்டேன்.