திரெவேலெஸ் நாட்குறிப்பு: கிளாஸோடு வரும் தட்டு

அக்டோபர் 11, வெள்ளி

தெற்கு ஸ்பெயினின் கிரனாடாவிலிருந்து பஸ். ஓர்ஹிவா தாண்டியதும் வளைவு வளைவாக மலை ஏறி, மாலையில் திரெவேலெஸில் இறங்கினோம். சியரா நெவாடாவின் தெற்குச் சரிவில், 1,400 மீட்டருக்கும் மேலே உள்ள சின்ன ஊர். மேல், நடு, கீழ் என்று மூன்று பகுதி. எல்லா வீட்டுக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு.

இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு முன்னால் எங்கும் கிடையாது. ஆனால் பார் திறந்திருந்தது. நான் ஒரு சின்ன பீர் சொன்னேன். மனைவி மது தொடுவதில்லை, அவளுக்கு மோஸ்தோ என்ற திராட்சைச் சாறு. கேட்காமலே இரண்டு சின்னத் தட்டுகள் வந்தன: ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வெந்த உருளைக்கிழங்கு, பச்சைக் குடைமிளகாய், பூண்டு. தாப்பா என்ற இந்தச் சின்னத் தட்டுக்குத் தனியாகக் காசு இல்லை. கிரனாடா, ஹயேன், அல்மேரியா பக்கங்களில் இந்த வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. செவில்லாவில் தாப்பாவை நாமே கேட்டு, அதற்குத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

அக்டோபர் 12, சனி

தேசிய விடுமுறை. கிரனாடாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள், கவுண்டரில் கை வைக்க இடமில்லை. தலைக்கு மேலே உத்தரத்தில் வரிசையாகப் பன்றித் தொடைகள். ஒவ்வொன்றின் அடியிலும் சொட்டும் கொழுப்பைப் பிடிக்க ஒரு குட்டிக் கிண்ணம் குத்தியிருக்கிறது.

இந்த ஊர் புகழ்பெற்றதே ஹமோன் என்ற இந்த உலர்த்திய பன்றித் தொடையால்தான். உப்பு மட்டும் போட்டு, வேறு எதுவும் சேர்க்காமல், மலைக்காற்றில் ஒரு வருடத்துக்கும் மேல் காய விடுகிறார்கள். இந்தக் குளிர்ந்த வறண்ட காற்று இருப்பதால் உப்பு குறைவாகவே போதும். 1862-இல் ஸ்பெயினின் இரண்டாம் இசபெல் ராணி இந்த ஹமோனுக்குத் தன் முத்திரையைப் பயன்படுத்த அனுமதி தந்ததை ஊரார் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். 16-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரை இந்த மலையில் வாழ்ந்தவர்கள் மொரிஸ்கோக்கள், முஸ்லிம் வம்சாவளியினர். 1568-இல் கிளர்ந்தெழுந்து தோற்றதும் அவர்களைத் துரத்திவிட்டு, வடக்கிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோவது இன்றும் மொரிஸ்கோக்கள் காலத்து வாய்க்கால் முறைதான். அந்தப் படிக்கட்டு வயல்களைப் பார்த்துக்கொண்டே ஹமோன் தின்றபோது எனக்கு மனசு கனத்தது.

ஹமோன் இரண்டாவது கிளாஸுக்குத்தான் வந்தது. கத்தியால் கையில் சீவிய மெல்லிய துண்டுகள். கொழுப்பு வாயில் வைத்ததும் உருகுகிறது, உப்பு கடைசியில்தான் தெரிகிறது. கிளாஸுக்குக் கிளாஸ் தட்டு மாறும், முதல் தட்டு திரும்ப வராது.

இன்னது வேண்டும் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. வட ஸ்பெயினின் சான் செபஸ்தியானில் கவுண்டர் நிறைய அடுக்கி வைத்திருப்பார்கள், கண்ணுக்குப் பிடித்ததை எடுக்கலாம். அதுவும் அழகுதான். ஆனாலும் எனக்கு இந்த முறைதான் பிடிக்கிறது. விருந்தாளிக்கு என்ன வைப்பது என்று வீட்டுக்காரர் முடிவு செய்கிறார். அன்றைக்குச் சமையல்கட்டில் எது நன்றாக வந்ததோ அது நம் முன்னால் வருகிறது.

அக்டோபர் 13, ஞாயிறு

மேல் பகுதிக்கு ஏறினோம், முழங்கால் வலி. மதியம் பூண்டு போட்ட ஆட்டுக்கறித் தாப்பா. சுமார்.

அக்டோபர் 14, திங்கள்

காலையிலிருந்து மழை. பாருக்குள் நுழையும்போதே பூண்டு மணம். “மழை பெய்கிறதே, இன்றைக்கு மிகாஸ்தான், உட்காருங்கள்” என்றார் பாரில் சமைக்கும் அம்மா. தெற்கு ஸ்பெயினில் மழை நாளென்றால் மிகாஸ். பல ஊர்களில் பழைய ரொட்டியில் செய்வார்கள், இங்கே ரவையில். எண்ணெயில் பூண்டைத் தோலோடு வதக்கி, தண்ணீர் ஊற்றி, ரவையைக் கொட்டி, உதிரி உதிரியாகும் வரை விடாமல் கிளற வேண்டும். பார்க்க நம் ரவை உப்புமா மாதிரியே இருந்தது, ஆனால் எண்ணெயில் பொரிந்த மொறுமொறுப்பு. கூடவே வறுத்த மிளகாய், ஒரு மத்தி மீன், நாலைந்து பச்சைத் திராட்சை. அந்தத் திராட்சையை ஒதுக்கக் கூடாது, மிகாஸின் எண்ணெய்க்கு அதன் இனிப்புதான் சரியான ஜோடி.

ஒரு கிளாஸும் தட்டும் சேர்த்து இரண்டரை யூரோ. கிளறிக் கிளறிக் கை சிவந்திருந்த அந்தம்மாவுக்கு இது கட்டுப்படியாகுமா என்ற கவலையோடே, மனைவி இன்னொரு மோஸ்தோ சொன்னாள்.