துக்கத்துக்குப் பிறகு படிக்க ஒரு காதல் கதை

"அவர் போனதுக்கப்புறம் காதல் கதையே படிக்க முடியலை. எனக்கு ஏத்த மாதிரி ஒண்ணு சொல்லுங்களேன்."

இன்று காலை இன்பாக்ஸில் ஒரு வாசகி கேட்டது.

முதல் அத்தியாயத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நடுவில் எங்காவது புரட்டுங்கள். இறந்தவர் அங்கேயும் இருக்கிறாரா? அவர் பழக்கம், அவரோடு போட்ட சண்டை? புதுக் காதலுக்கு வழிவிட இறந்தவரைக் கெட்டவராக்கும் கதைகள் உண்டு. எழுதுபவருக்குச் சுலபம், படிப்பவருக்குத் துரோகம்.

அடுத்து, தொடுதல்.

நாயகி வன்முறையைக் கடந்து வந்தவள் என்றால், பின்னாலிருந்து தோளில் கை பட்டதும் உடம்பு விறைக்கலாம். தனக்குப் பிடித்தவன் கைதான் என்று தெரிந்தாலும் விறைக்கலாம். நல்ல நாவலில் அவன் அடுத்த முறை முன்னால் வந்து நிற்பான். அவள் பார்த்த பிறகுதான் பேசுவான். யாரும் அதை விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். அப்படி ஒரு பக்கம் கிடைத்தால் நம்பி வாங்கலாம்.

ஒரே முத்தத்தில் கெட்ட கனவெல்லாம் நின்றுபோனால் வைத்துவிடுங்கள்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2022 கையேடே, பெரியவர்களின் துயரத்தை 'நீடித்த துயரக் கோளாறு' என்று சொல்லக் குறைந்தது 12 மாதம் ஆகவேண்டும் என்கிறது. மூன்றாம் மாதமே "இன்னுமா அழுற?" என்று கேட்பவன் நாயகனாம்!

முன்பக்கத்தில் உள்ளடக்க எச்சரிக்கை இருந்தால் அவசியம் படியுங்கள். கதையில் மரணம் எப்படி வருகிறது என்று பாருங்கள். உங்கள் இழப்பும் அதே விதம் என்றால் இப்போதைக்கு வேண்டாம்.

பயமாக இருந்தால் கடைசி அத்தியாயத்தை முதலில் படியுங்கள். தப்பே இல்லை.