வெண்கல உலைக் குறிப்புகள்

மார்ச் 6
பண்டைய எகிப்தியர் முறையில் வெண்கலம் வார்த்துப் பார்க்கிறோம், இன்று முழுக்க மண் வேலைதான். மூசை, அதாவது உலோகத்தை உருக்கும் மண் கிண்ணம் செய்ய, மண்ணில் பொடியாக நறுக்கிய வைக்கோலைப் போட்டுப் பிசைந்தோம். சூட்டில் வைக்கோல் எரிந்து சின்னச் சின்ன ஓட்டைகள் விழும், அதனால் மூசை சட்டென்று வெடிக்காது. எங்களுக்கு வழிகாட்டி எகிப்தின் தீப்ஸில் உள்ள ரெக்மிரே கல்லறையின் சுவர் ஓவியம். மன்னர் மூன்றாம் துட்மோஸ் காலத்து அமைச்சர் அவர். ஓவியத்தில் கர்னாக் கோயிலுக்கு வெண்கலக் கதவு வார்க்கிறார்கள். காலால் மிதிக்கும் தோல் துருத்தி, அமுங்கிய பையைத் தூக்கிவிடக் கையில் கயிறு, மூசையை இரண்டு கம்புகளுக்கு நடுவே நெருக்கிப் பிடித்துத் தூக்கும் இருவர். இடுக்கியே கிடையாது, வெறும் கம்பு!

மார்ச் 9
செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும், பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்தால் 1,000-ஐ ஒட்டியே உருகிவிடும். என்ன பெரிய வித்தியாசம் என்று படிக்கும்போது தோன்றும், துருத்தி மிதிப்பவரைக் கேட்டால் சொல்வார். இரண்டு கால்களும் மாறி மாறி விழுந்துகொண்டே இருக்க வேண்டும், நடுவில் கொஞ்சம் தாமதித்தாலும் கரியின் மஞ்சள் நிறம் ஆரஞ்சுக்கு இறங்குவது கண்ணெதிரே தெரிகிறது. எகிப்தின் சக்காராவில், மெரெருகா என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில் செதுக்கியிருக்கும் தொழிலாளிகள் பாவம், குழல் வைத்து வாயாலேயே ஊதுகிறார்கள்.

மார்ச் 15
வார்த்தாயிற்று, கதவல்ல, உள்ளங்கை அளவு கோடரி. அப்போதுதான் வெட்டிய பச்சைக் கம்புகள் வளைந்து மூசையைக் கவ்விக்கொண்டன. புகைந்தன, பட்டை கருகியது, முனையில் சாறு நுரைத்தது, ஆனாலும் ஊற்றி முடிக்கும்வரை தாங்கின. இருவரும் ஒரே நேரத்தில் சாய்ப்பதுதான் கஷ்டம். ரெக்மிரே ஓவியத்தில் கதவை வார்க்கும் அச்சுக்கு மேலே வரிசையாகப் புனல்கள் இருக்கின்றன. முதலில் ஊற்றியது இறுகுவதற்குள் அடுத்த மூசை தயாராக நிற்க வேண்டும், அப்படியென்றால் எத்தனை உலை, எத்தனை ஜோடிக் கால்கள்! இரண்டாம் ராமேசஸின் தலைநகரம் இருந்த காந்திரில் உலைகளை வரிசை வரிசையாகத் தோண்டி எடுத்தது ஏன் என்று இப்போது நன்றாகவே புரிகிறது. என்னைக் கேட்டால் எகிப்தியர்களின் சாமர்த்தியம் சூட்டில் இல்லை, ஆட்களை ஒரே தாளத்தில் நிறுத்தியதில்தான்.

மார்ச் 16
மூசையை உடைத்துப் பார்த்தோம். உட்புறமும் விளிம்பும் கண்ணாடி மாதிரி உருகிப் பளபளக்க, வெளிப்புறம் இன்னும் செம்மண் நிறத்திலேயே இருக்கிறது. கரியை மேலே குவித்து மேலிருந்தே காற்றடித்தால் இப்படித்தான் ஆகும். காந்திரில் கிடைத்த மூசைத் துண்டுகளிலும் உட்புறம்தான் அதிகம் வெந்திருக்கிறது.

அடுத்து இரண்டு மூசைகளை ஒரே அச்சில் அடுத்தடுத்து ஊற்றிப் பார்க்க வேண்டும். அதற்கு இன்னொரு துருத்தி தைக்க வேண்டும், அப்புறம் மிதிக்க ஆள் பிடிக்க வேண்டும்.