டிஸ்க் தெரியுது, படிக்கத்தான் முடியல

மண்ணடி தம்பு செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஆபீஸ். துறைமுகச் சரக்குக்கான காகிதங்களை ஸ்கேன் செய்து செய்து சர்வரில் இடமே இல்லை. புதிதாக வாங்கிய ஸ்டோரேஜை ஐ-ஸ்கஸியில், அதாவது நெட்வொர்க் வழியாகவே டிஸ்க்கைச் சர்வருக்குக் கொடுக்கும் முறையில், இணைத்துத் தரச் சொல்லி பாய் கூப்பிட்டார். மதியச் சாப்பாட்டுக்கு வண்ணாரப்பேட்டை திரும்பிவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

சர்வரின் இரண்டாவது நெட்வொர்க் கார்டை ஸ்டோரேஜுக்கென்றே ஒதுக்கி 10.10.20.11 என்ற ஐபி முகவரி கொடுத்தேன். பழக்கதோஷத்தில் அதற்கும் ஒரு கேட்வே, அதாவது வெளியே போகும் வழி, போட்டுவிட்டேன். உடனே ஆபீஸில் இன்டர்நெட் தகராறு ஆரம்பித்தது. சர்வர் வெளியே போக இந்தக் கார்டைப் பிடித்துக்கொண்டது. கேட்வேயை எடுத்ததும் சரியானது. அது சின்ன விஷயம்.

பெரிய விஷயம் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் எத்தனை பைட் வரை இருக்கலாம் என்ற வரம்பு. வேகம் கிடைக்கட்டும் என்று சர்வரிலும் ஸ்டோரேஜிலும் 9000 வைத்திருந்தேன். பதில் வருகிறதா என்று பார்க்கும் சாதாரண பிங் போனது. ஐ-ஸ்கஸிக்கான 3260 போர்ட் திறந்திருந்தது, லாகினும் ஆனது. டிஸ்க் பெயரும் அளவும் வந்துவிட்டன. பார்ட்டிஷன் பார்க்கப் போனால் ஸ்க்ரீன் அப்படியே நிற்கிறது. சர்வரின் பதிவுகளில் (லாக்) 5 விநாடிக்கு ஒரு டைம்அவுட், மறுபடி லாகின், மறுபடி டைம்அவுட்.

"இன்னா தம்பி, டிஸ்க்தான் தெரியுதே?" என்றார் பாய்.

தெரிந்தது, அதுதான் என்னை ஒரு மணி நேரம் ஏமாற்றியது. பாஸ்வேர்டை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், ஸ்டோரேஜைக்கூடத் திட்டினேன். அப்புறம்தான் பாக்கெட்டைத் துண்டாக்காமல் அனுப்பும்படி பிங்கை மாற்றிப் பார்த்தேன். 1472 பைட் போகிறது. 8972 அனுப்பினால் பதிலே இல்லை. 9000-இல் ஐபி தலைப்புக்கு 20, பிங்கின் ஐசிஎம்பி தலைப்புக்கு 8 போனால் மீதி 8972. இரண்டு முனையும் சரியாக இருக்கும்போது, நடுவில்தான் யாரோ விழுங்குகிறார்கள்.

விழுங்கியது மாடிப்படி அலமாரியில் தூசி படிந்து கிடந்த ஸ்விட்ச். அதில் ஜம்போ ஃப்ரேம், அதாவது வழக்கமான 1500 பைட்டைவிடப் பெரிய பாக்கெட்டுகளுக்கான அனுமதி, திறக்கவேயில்லை. லாகின் செய்திகள் குட்டி என்பதால் தப்பிவிட்டன. 4096 பைட் படிக்கக் கேட்டால் பதில் ஒரே பெரிய ஃப்ரேமாக வருகிறது. ஸ்விட்ச் அதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும், ஒரு வார்த்தை சொல்லாது. ஸ்விட்சில் ஃப்ரேம் அளவை 9216 என்று மாற்றியதும் 8972 ஓடியது, டிஸ்க்கும் திறந்தது. மணி நாலு.

மறுநாள் காலை பாய் போன்: "தம்பி, நைட் கரன்ட் போச்சு. பழையபடி தொங்குது."

சர்வருக்கும் ஸ்டோரேஜுக்கும் யூபிஎஸ் உண்டு, அலமாரி ஸ்விட்சுக்கு இல்லை. மாற்றியதை நான் ஸ்விட்சில் சேமிக்கவும் இல்லை. ஓடிப் போய்ச் சேமித்தேன். சர்வரில் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, பாயையே ஸ்விட்சின் பிளக்கைப் பிடுங்கிச் செருகச் சொன்னேன். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகும்வரை இருவரும் படியில் உட்கார்ந்திருந்தோம். 8972-க்குப் பதில் வந்தது. யூபிஎஸ்ஸிலிருந்து ஒரு ஒயர் அலமாரிக்கு இழுக்க அன்றைக்கே எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லிவிட்டார்.