மணிக்கட்டை அளந்துவிட்டு ஜிம்முக்குப் போங்கள்

தாட்டியான ஆள், வாட்டசாட்டம், கட்டுமஸ்து, பயில்வான். பெண் என்றால் 'பூசினாப்ல இருக்கா'. வடசென்னையில் உடம்பைப் புகழ இருந்த வார்த்தைகள் இவை. ஒன்றுகூட ஒல்லிக்கு இல்லை. ஒல்லிக்குக் கிடைத்ததெல்லாம் நோஞ்சான், ஈர்க்குச்சி. இப்போது அதே தெருவில் 'என்ன, வெயிட் போட்டுட்ட?' என்பது வசவு. 'பூசினாப்ல' என்று பெரியம்மா ஆசையாகச் சொன்னால்கூட அந்தப் பெண் ராத்திரி சோற்றைத் தள்ளிவைக்கிறாள்.

ரசனை தானாக மாறவில்லை, பிழைப்பு மாறியது. கை ரிக்‌ஷா 1973-ல் ஒழிந்தது. துறைமுகத்துக்கு 1983-ல் கன்டெய்னர் முனையம் வந்து, முதுகில் ஏறிய மூட்டை கிரேனில் ஏறியது. 1996-ல் பெரம்பூர் பி அண்ட் சி துணி மில் மூடியது. உழைத்தே உடம்பு முறுக்கேறிக் கிடந்த ஊரில் லேசான தொப்பை என்றால் சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று அர்த்தம். நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை வந்தபின் தொப்பை எல்லோருக்கும் வந்துவிட்டது. நேரமும் ஜிம் ஃபீஸும் இருக்கிறவனுக்குத்தான் வயிறு தட்டை. அதனால் அது அழகாகிவிட்டது.

அழகின் அளவு இப்படி மாறலாம், எலும்பு மாறாது. ஜிம்மில் சேரும் பையன்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். தையல்காரர் டேப்பை எடுத்து மணிக்கட்டைச் சுற்றி அளந்து பாருங்கள். ஐந்தரை அடிக்கு மேல் உயரமுள்ள ஆணுக்கு ஆறரை அங்குலத்துக்குள் இருந்தால் சிறு எலும்பு, ஏழரையைத் தாண்டினால் பெரிய எலும்பு. தோராயக் கணக்குதான். ஆனாலும் உடம்பில் எவ்வளவு சதை ஏறும் என்பதற்கு ஒரு குறிப்பு அதில் இருக்கிறது. அடுத்து, முழங்கையை மடக்கி ஆர்ம்ஸை முறுக்கி, தசை முடியும் இடத்துக்கும் முழங்கை மடிப்புக்கும் நடுவில் விரல் வைத்துப் பாருங்கள். ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் நீளமான தசை, மூன்று விரல் நுழைந்தால் குட்டைத் தசை. குட்டைத் தசை உருண்டு திரளும், ஆனால் கை முழுக்க நிரம்பித் தெரியாது. எந்த மாஸ்டராலும் இதை மாற்ற முடியாது.

சிக்ஸ் பேக்கும் அப்படியே. வயிற்றுத் தசையின் குறுக்கே ஓடும் நார்ப்பட்டைகள்தான் அதைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கின்றன. அந்தப் பட்டைகள் எத்தனை, நேராக ஓடுமா கோணலாக ஓடுமா என்பதெல்லாம் பிறவியிலேயே முடிவானது. சிலருக்கு நாலுதான் வரும். ஆணுக்கு உடம்புக் கொழுப்பு ஏறக்குறைய 10-12 சதவீதத்துக்கு இறங்கினால்தான் அதுவும் கண்ணுக்குத் தெரியும். மல்லாந்து படுத்து தோளைத் தூக்கும் கிரஞ்சஸ் தினமும் முந்நூறு போட்டால் தசை தடிக்கும், மேலே மூடியிருக்கும் கொழுப்பு அப்படியே கிடக்கும். வேலை செய்யும் தசைக்கு மேலிருந்து மட்டும் பார்த்துப் பார்த்துக் கொழுப்பை எடுக்கும் வழி உடம்புக்குக் கிடையாது.

எக்டோமார்ஃப் (ஒல்லி), மெசோமார்ஃப் (கட்டுமஸ்து), எண்டோமார்ஃப் (குண்டு) என்று ஜிம் சுவரில் படம் ஒட்டியிருப்பார்கள். 1940-களில் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் பிரித்தது. உடம்பின் வடிவத்தை வைத்துக் குணத்தைச் சொல்லப் பார்த்தார், அது எடுபடவில்லை. அந்தப் படத்தைப் பார்த்து டயட் போடுவது ராசிபலன் பார்த்து டயட் போடுவது மாதிரி.

சார்பட்டா, இடியாப்பர் என்று பரம்பரை பிரித்துக் குத்துச்சண்டை போட்ட ஊர் இது. பாக்ஸர் உடம்பைக் கவனித்தால் கழுத்து, முன்கை, தொடை கெட்டியாக இருக்கும், செஸ்ட் பெரிதாக இருக்காது. காரணம் எடைப்பிரிவு. சும்மா நாலு கிலோ சதை ஏற்றினால் மேல் பிரிவில் தன்னைவிட நீளமான கையுள்ளவனிடம் நிற்க வேண்டிவரும். அதே பாக்ஸர் எடை பார்க்கும் நாளுக்கு முன் ரெயின்கோட் போட்டு ஓடுவதைப் பார்த்து, தொப்பை கரைக்க மற்றவர்களும் ஓடுகிறார்கள். குறைகிற ஒரு கிலோ என்பது ஒரு லிட்டர் வியர்வை, தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை சீக்கிரம் ஆவியாகாது. அதன்மேல் பிளாஸ்டிக்கையும் போர்த்தினால் உடம்புச் சூடு ஏறி மயங்கி விழ வேண்டியதுதான். தகரக் கூரை ஜிம் என்றால் சித்திரை வைகாசியில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள்.

கர்லாக்கட்டை திரும்பவும் மவுசுக்கு வந்திருக்கிறது. நல்லது, ஆனால் நாலு கிலோ டம்பெல்ஸும் நாலு கிலோ கர்லாவும் ஒன்றில்லை. கர்லாவில் எடை நுனியில் இருப்பதால் தோளுக்கு விழும் இழுப்பு மிக அதிகம். இரண்டு மூன்று கிலோவில் தொடங்குங்கள். கட்டை தலைக்குப் பின்னால் இறங்கும்போது முழங்கை வானத்தைப் பார்க்க வேண்டும், வயிறு இறுகியிருக்க வேண்டும். வயிறு தளர்ந்தால் இடுப்பு முன்னால் வளைந்து மறுநாள் முதுகு பிடித்துக்கொள்ளும். பிடியை நசுக்கிப் பிடித்தால் முழங்கை வலி வரும். பக்கத்துக்குப் பத்து, மூன்று சுற்று போதும்.

சாப்பாட்டுக்குப் பவுடர் டப்பா தேவையில்லை. வெயிட் தூக்குகிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் தாராளம். 60 கிலோ ஆளுக்கு 96 கிராம். நாலு முட்டையில் 24, வெந்த பீஃபோ கோழியோ 150 கிராமில் சுமார் 40, நூறு கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் சுமார் 20. மிச்சம் சோற்றிலும் பருப்பிலும் வந்துவிடும். காசிமேட்டு மீன் கிடைக்கும் நாளில் கோழி எதற்கு?

ஊசி விஷயத்தில் மட்டும் சமரசம் கிடையாது. ஆபரேஷன் நடுவில் ரத்த அழுத்தம் சரிந்தால் மயக்க மருத்துவர் போடும் மெஃபன்டர்மைனைப் 'பம்ப்' ஏற்ற, அதாவது தசை புடைத்துத் தெரிய, நரம்பில் போட்டுக்கொள்கிறார்கள். களைப்பு மறைகிறது, இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது. ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்தால் உடம்பு தன் டெஸ்டோஸ்டிரோனை நிறுத்திக்கொள்ளும். விரை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு மார்பு பெண்ணுக்கு வளர்வதுபோல் வளரும். ஊசி இல்லாமல் முதல் வருடத்தில் மாதம் அரைக் கிலோ சதை ஏறினாலே நல்ல வளர்ச்சி. 'ஆறு வாரத்தில் ஆறு கிலோ' என்கிறவர் எதை விற்கிறார் என்று யோசியுங்கள்.

வெயிட் தூக்கினால் ஆம்பளைக் கை வந்துவிடும் என்று பெண்கள் பயப்படத் தேவையில்லை. ஆணுக்கு இருக்கும் டெஸ்டோஸ்டிரோனில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களுக்கு இல்லை. பயப்பட வேண்டியது கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால் தொடங்கும் பட்டினிக்கு. அப்படிக் குறைத்தால் முடி கொட்டுவது உடனே தெரியாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொத்துக் கொத்தாக வரும். சரியாக முகூர்த்தத்துக்கு.

தராசைவிட டேப்பை நம்புங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் சர்க்கரையும் பிபியும் பார்த்துவிடுவது நல்லது, கண்ணாடியில் எவ்வளவு எடுப்பாகத் தெரிந்தாலும் சரி.

ஜிம் தேடுகிறவர்களுக்கு ஒரு சோதனை. உள்ளே போனதும் செஸ்ட் பெஞ்சைப் பார்க்காதீர்கள், காலுக்கு வெயிட் போடும் ஸ்குவாட் ராக்கைப் பாருங்கள். பேன்ட் மறைக்கும் காலுக்கு எதற்கு உழைப்பு என்பது பையன்களின் நினைப்பு. அந்த ராக்கில் சட்டையும் பையும் தொங்கிக்கொண்டிருந்தால் அடுத்த தெருவில் வேறு ஜிம் இருக்கும்.